கவுன்சிலின் நட்சத்திரம்

2006 மே 4, வியாழக்கிழமை. லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவுகளான பரோக்கள் எல்லாவற்றுக்கும் அன்று தேர்தல். எங்கள் பரோவில் என் நண்பர் மறுபடியும் கவுன்சிலராக வென்றார். அதே மாதம் அவரை மேயராகவும் ஆக்கினார்கள். எங்கள் ஆட்களில் மேயர் சங்கிலியைக் கழுத்தில் போட்ட முதல் ஆள் அவர்தான்.

அந்த மேயர் பதவிக்கு அதிகாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வருடம் நாடா வெட்டலாம், கூட்டங்களுக்குத் தலைமை தாங்கலாம். கூடவே ஒரு பழைய வழக்கம் உண்டு. மேயர் தனக்கென ஒரு மதகுருவை நியமிப்பார். அவர் வந்து ஒவ்வொரு கவுன்சில் கூட்டத்தையும் பிரார்த்தனையோடு தொடக்கிவைப்பார். குப்பை, வீதி விளக்கு, பார்க்கிங் ஆகியவற்றைப் பற்றிச் சண்டை பிடிப்பதற்கு முன் எல்லோரும் எழுந்து தலை குனிய வேண்டும். அரசியே திருச்சபைக்கும் தலைவியாக இருக்கிற, ஆயர்கள் மேல்சபையில் உட்கார்ந்து சட்டம் பேசுகிற நாட்டில் இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

என் நண்பருக்கு மட்டும் பட்டது. அவர் கடவுளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர். கவுன்சிலரான நாளிலிருந்து, பிரார்த்தனை முடியும்வரை சிகரெட்டும் கையுமாக வாசலில் நிற்பார். நான் மேயரானால் இதை நிறுத்துவேன் என்று எல்லோர் முன்னாலும் பலமுறை சொல்லியிருந்தார். இப்போது மேயராகிவிட்டார். சொன்னதைச் செய்தாக வேண்டும்.

ஆனால் வீடு வீடாகப் போய் அவருக்கு வாக்குச் சேர்த்தவர்கள் கோயில் நிர்வாக சபையினர். அவர்களுடைய முடிவு வேறு. முதல் தமிழ் மேயரின் கூட்டத்தை எங்கள் குருக்கள்தான் தொடக்கிவைக்க வேண்டும். நண்பரின் மனைவியும் அந்தப் பக்கம்தான்.

"அண்ணை, நீங்கள் உந்தச் சரித்திரமெல்லாம் படிச்சனீங்கள்தானே, வந்து எடுத்துச் சொல்லுங்கோ," என்று நண்பர் என்னை நிர்வாக சபையிடம் அழைத்துப் போனார்.

நானும் ஆயத்தமாகப் போனேன். பிரெஞ்சுக்காரர் 1905ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு அரசையும் சமயத்தையும் பிரித்ததைச் சொன்னேன். கவுன்சிலில் பிரார்த்தனை செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொன்னேன். நிர்வாக சபைத் தலைவர், ஸ்ட்ரெதமில் கடை வைத்திருப்பவர், பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவு காலமும் அவையின்ர சாமி வந்து போனது. எங்கட சாமி வாற நேரம் பாத்துத்தான் உங்களுக்கு ஞானம் பிறந்ததோ?"

நான் கொண்டுபோன குறிப்புகளை மடித்துப் பையில் வைத்தேன்.

அதுவரை கவுன்சிலில் ஜெபம் செய்துவந்த ஆங்கிலிக்கன் பாதிரியாரைப் போய்ப் பார்த்தோம். பதவி போவதில் அவருக்கு வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அவர் தேநீர் ஊற்றியபடி சொன்னார்: "நான் ஆமென் சொன்ன மறுநிமிடமே ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள். அது என் கடவுளுக்கு நல்ல விளம்பரம் இல்லை. நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். என் ஆயரிடம் மட்டும் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்."

ஆக, அரசாங்கச் சபையில் சாமி வேண்டாம் என்று நாத்திகரும் பாதிரியாரும் சொன்னார்கள். வேண்டும் என்று நின்றவர்கள் எங்கள் கோயில்காரர்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் குருக்களோடு உட்கார்ந்தோம். நண்பர் வாடிப்போயிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் இருந்தார். தலைவர், எந்தப் பட்டு வேட்டி கட்ட வேண்டும் என்பதுவரை பேசிமுடித்துவிட்டார். குருக்கள் நிதானமாகக் கேட்டார்.

"ஆற்றை பேரில சங்கற்பம்?"

"கவுன்சிலின்ர பேரில, ஐயா."

"கவுன்சிலுக்கு என்ன நட்சத்திரம்?"

தலைவர் சிரித்தார். குருக்கள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எனக்குத் தேதி தெரியும். பழைய நகரசபைகளைச் சேர்த்து இன்றைய பரோக்களை உருவாக்கியது 1965 ஏப்ரல் 1ஆம் தேதி, வியாழக்கிழமை. நான் அதைச் சொன்னதும் குருக்கள் லாப்டொப்பில் பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

"பிறந்த நேரம்?"

"சட்டப்படி நடுச்சாமம்."

"நடுச்சாமத்தில ஆர் கந்தோர் திறக்கிறது? கதவு திறந்த நேரத்தைச் சொல்லுங்கோ."

காலை ஒன்பது என்றேன். அவர் தட்டினார். குரோதி வருடம், பங்குனி மாதம், உத்தரட்டாதி நட்சத்திரம். திதி அமாவாசை.

குருக்கள் கண்ணாடியைக் கழற்றினார். "அமாவாசைப் பிறப்பு. இவ்வளவு காலமும் சாந்தி செய்யாமல் விட்டிருக்கினம். சும்மா போய் மந்திரம் சொல்லி இதை எழுப்பக் கூடாது."

"ரெண்டு நிமிசம்தான் தருவினம், ஐயா," என்றார் தலைவர்.

"ரெண்டு நிமிசத்தில சங்கற்பமே முடியாது. அங்க ஓமம் வளர்க்க விடுவினமோ?"

"ஊதுபத்தியே கொளுத்த ஏலாது," என்றார் நண்பர். குரலில் ஒரு தென்பு வந்திருந்தது.

"அப்ப நான் வரேலாது. சாந்தி முடியுமட்டும் அங்க ஒருத்தரும் வாய் திறக்கிறது நல்லதில்லை. பாதிரியாரும்தான்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிரெஞ்சுச் சட்டத்தை எதிர்த்துப் பேசலாம். பஞ்சாங்கத்தை எதிர்த்து அங்கே யார் பேசுவது?

முதல் கூட்டத்துக்குப் பார்வையாளர் பகுதியில் பாதிரியாருக்குப் பக்கத்தில் இருந்தேன். நண்பர் சங்கிலியோடு எழுந்து, ஒரு நிமிடம் அமைதியாக நிற்போம் என்றார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், ஜெபம் ஏன் இல்லை என்று கேட்டார். "சமய ஆலோசனையின் பேரில்," என்றார் மேயர். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பாதிரியார் என் பக்கம் சாய்ந்து, என்ன ஆலோசனை என்றார். சொன்னேன். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "உங்கள் குருக்களைப் பாராளுமன்றத்துக்கு ஒருமுறை அனுப்பலாமே, அங்கேயும் ஜெபத்தோடுதான் தொடங்குகிறார்கள்," என்றார்.

சிக்கல் அதோடு முடியவில்லை. நண்பரின் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. "பாவம், கவுன்சில். கோயிலிலயே சாந்தியைச் செய்து விடுவம். பேந்து ஐயா அங்க வரலாம்தானே," என்றார். குருக்களும் சம்மதித்தார். ஓர் அமாவாசையன்று, மேயரே தம்பதி சமேதராக வந்து உட்கார வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடத்து அமாவாசைகளில் எங்கள் மேயருக்கு இருந்த வேலையை வேறு எந்த மேயருக்கும் நான் கண்டதில்லை. ஒன்றில் பாடசாலையில் பரிசளிப்பு. இன்னொன்றில் நீச்சல் குளம் திறப்பு. திறக்க ஒன்றும் இல்லாத மாதத்தில் ஏற்கெனவே திறந்த நூலகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மாதம் தவறாமல் எனக்குத் தொலைபேசி வரும்.

"அண்ணை, அடுத்த அமாவாசை எப்ப?"

"உமக்கு ஏன் காணும்?"

"சும்மாதான். டயரியில போட்டு வைக்க."

2007 மே மாதம் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்வரை கவுன்சில் ஒரு பிரார்த்தனையும் கேட்கவில்லை. தோஷம் கழியாத அந்த வருடம் முழுவதும் எங்கள் தெருக் குப்பையை வழக்கம்போல் வியாழக்கிழமைகளில் வந்து அள்ளிப் போனார்கள்.