அடுப்பில் போட்ட பொம்மை

நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்ச மாட்டேன். என் வலது உள்ளங்கையில் தீக்காயம் இருக்கிறது. தோல் இன்னும் சுருங்கித்தான் கிடக்கிறது. டுலூத் நகரத்தில் இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். குடிப்பதில்லை, தூக்க மாத்திரை போடுவதில்லை. போன வருடம் டிசம்பர் 14, சனிக்கிழமை, மாலை மூன்று ஐம்பதிலிருந்து ஐந்தே கால் வரை என் அம்மாவின் வீட்டில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அம்மா இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது, தங்கை கைசாவுக்கு நான்கு. வீட்டுக்குப் பின்னால் ஏரி. மார்ச் மாதம், ஏரி மேல் உறைந்திருந்த பனிக்கட்டி இளகத் தொடங்கியிருந்தது. "அவ கையப் புடிச்சுக்கோ, விட்றாத" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் கட்டுவதற்காக ஒரு நிமிடம் கையை விட்டேன். அவ்வளவுதான்.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கைசாவின் சீப்பில் இருந்த முடியை வைத்து ஒரு பொம்மை தைத்தாள். நீலக் கோட்டு போட்டாள். கைசாவின் நாற்காலியில் உட்கார வைத்தாள். தினமும் அதற்குத் தட்டு வைத்து, ஒரு டம்ளர் பால் வைத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா கண்ணு?" என்று கேட்பாள். எதிரே உட்கார்ந்து நான் ரொட்டியை இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும்.

பதினெட்டு வயதில் வெளியேறினேன். முப்பத்து நான்கு வருடம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

வீட்டை விற்ற பிறகு தம்பி ஆர்னி போன் செய்தான்.

"திங்கக்கிழமை வாங்குனவங்க வந்துடுவாங்க. வேணுங்கிறத எடுத்துக்கோ."

"எனக்கு அங்க என்ன இருக்கு?"

"உன் போட்டோ ஏதாச்சும் இருக்கும்..."

"இருக்காது, ஆர்னி."

இருந்தும் போனேன். ஒன்றாவது இருக்குமா என்று பார்க்க.

மிச்சிகனின் வட கோடி. ஊரைத் தாண்டிப் பதினான்கு மைல் காட்டுப் பாதை. வேறு வீடே கிடையாது. 3:50-க்குப் போய்ச் சேர்ந்தபோதே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வாசலில் முழங்கால் அளவு பனி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. பூட்டைத் திறந்தேன். மின்சாரத்தை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. உள்ளே மூச்சு புகையாக வந்தது. வாளித் தண்ணீர் கல்லாக இறுகிக் கிடந்தது.

4:05. சமையலறைக்குள் டார்ச் அடித்தேன்.

பொம்மை நாற்காலியில் இருந்தது.

அதே நீலக் கோட்டு. ஆனால் கைகள் முழங்கை வரை வெளியே நீண்டிருந்தன. இவ்வளவு பெரிதாகவா இருந்தது? அம்மா புதிதாக ஒன்று செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் தட்டு. டம்ளரில் பால்.

வாளித் தண்ணீர் இறுகிக் கிடக்கிற வீட்டில், பால் பாலாகவே இருந்தது.

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே போய் ஆர்னியைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு நீ வீட்டுக்கு வந்தியா?"

"இல்லையே. கரண்ட நிறுத்துனதோட சரி. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

பொம்மை என்ற வார்த்தையை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

4:25. அலமாரிகளைத் தேடினேன். கைசாவின் படங்கள் மட்டும்தான். என் படம் ஒன்றுகூட இல்லை. சமையலறைக் கதவு நிலையில் எங்கள் உயரத்தை அம்மா பென்சிலால் குறித்து வைத்திருப்பாள். அங்கே தேடினேன். என் கோடு ஒன்பது வயதோடு நின்றுவிட்டது.

கைசாவின் கோடுகள் நிற்கவில்லை.

ஐந்து வயது. ஆறு வயது. எட்டு... ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே. அம்மாவின் கையெழுத்தில் தேதிகள், எல்லாமே கடைசி இரண்டு வருடத்துத் தேதிகள். கடைசித் தேதி அக்டோபர், அம்மா இறப்பதற்கு முந்தைய மாதம். கோடு என் மார்பளவில் இருந்தது.

பின்னால்... கிர்ர்ர்...

நாற்காலி நகரும் சத்தம்.

திரும்பினேன். பொம்மை அங்கேயேதான் இருந்தது. முகம் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது.

டம்ளரில் பால் பாதிதான் இருந்தது.

பயம் வரவில்லை என்றால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக வந்தது ஆத்திரம். "அம்மா செத்த பிறகும் உனக்குத்தான் சோறா?" என்று கத்தினேன்.

வீட்டைச் சூடாக்கும் பெரிய இரும்பு அடுப்பு ஒன்று உண்டு. அடிமரத்தையே முழுசாகப் போடலாம். காகிதமும் விறகும் திணித்துப் பற்ற வைத்தேன். 4:50. பொம்மையைத் தூக்கினேன்.

கனத்தது. அதன் கால்கள் என் முழங்காலில் இடித்தன. கோட்டு ஈரமாக இருந்தது. ஏரி வாசனை.

அடுப்புக்குள் தள்ளினேன்.

உள்ளே போக வசதியாக... அது தன் முழங்காலை மடக்கிக்கொண்டது.

கதவை அறைந்து சாத்தினேன்.

5:08. ஸ்ஸ்ஸ்... ஈர விறகு எரியும் சத்தம்.

பிறகு டக். டக். டக். உள்ளிருந்து.

பிறகு...

"லோ..."

என் பெயர் லோர்னா. 'லோ' என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

"லோ... குளிருது..."

கைப்பிடியைப் பிடித்தேன். இழுத்தேன். தோல் இரும்போடு ஒட்டிப் பொசுங்கியது. பிடித்திருக்க வேண்டும். சத்தியமாக, பிடித்திருக்க வேண்டும்.

முடியவில்லை.

இரண்டாவது தடவையும் விட்டது நான்தான்.

5:15. வண்டிக்குள் இருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது.

அடுத்த புதன்கிழமை ஆர்னியின் மனைவி அடக்கத்தில் எடுத்த படங்களை அனுப்பினாள். பெட்டிக்குள் அம்மா. அவள் கை வளைவில், நீலக் கோட்டோடு, ஒரு முழ நீளத்தில்... பொம்மை.

ஆர்னியைக் கூப்பிட்டேன்.

"அத உள்ள வெச்சது யாரு?"

"நான்தான். கூடவே போகட்டும்னு நெனச்சேன்."

"வீட்டுல வேற பொம்மை இருந்துச்சா?"

"இல்ல. அது ஒண்ணுதான். ஏன் கேக்குற?"

அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். அவனே தொடர்ந்தான்.

"அம்மாவுக்குக் கடைசில புத்தி கலங்கிடுச்சு, லோர்னா. ரெண்டு வருஷமா அந்தப் பொம்மைய அவங்க தொடவே இல்ல. அட்டைப் பெட்டில போட்டு என் வீட்டுக்கே குடுத்தனுப்பிட்டாங்க. ஏம்மான்னு கேட்டதுக்கு, 'இனி இது எதுக்குடா? அவதான் திரும்பி வந்துட்டாளே'ன்னாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உனக்குச் சொல்லட்டுமான்னு அவங்ககிட்டயே கேட்டேன். 'அவளுக்கு மட்டும் சொல்லிடாத'ன்னாங்க."