கொசு மருந்தும் உப்பாற்று இறாலும்

கொசு மருந்து அடிக்கிற வேலையில், கொசுவைத் தவிர மற்ற எல்லோரும் நம்மைத் திட்டுவார்கள். அறுபதுகளில் அந்தமான் தீவின் மாயாபந்தரில் முதுகில் பம்பைச் சுமந்து திரிந்தவன் நான். மேலதிகாரியின் மூளை வேலை செய்யாததற்குத் தன் முதுகை ஒடித்துக்கொண்டவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

கரண்டிச் சோதனை

அங்கே மலேரியாக் கொசு உப்பாற்று ஓரத்துத் தேங்கலில் முட்டையிடும். நீளப் பிடி போட்ட கரண்டியால் தண்ணீரை மொண்டு பார்ப்போம். புழு நெளிந்தால் மருந்து. எங்கள் இன்ஸ்பெக்டர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர்; கடலையே தீவுக்கு வரக் கப்பல் ஏறும்போதுதான் பார்த்தாராம்.

அவர் ஆற்று முகத்துவாரத்தில் மொண்ட கரண்டியில் இறால் குஞ்சுகள் துள்ளின. கண்ணும் மீசையும் தெளிவாகத் தெரிந்தன. "கொசுப்புழு! அடி!" என்றார். நான் சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த பிலோமினா ஓடி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் காய்ச்சலில் கிடக்க, அவள் பிடிக்கும் இறால்தான் அந்த வீட்டுச் சோறு.

"மச்சர் இல்ல சாப், றால் குஞ்சு. இதுவ வளந்தாத்தான் எங்களுக்குக் கஞ்சி" என்று, கொசுவுக்கு இந்தி வார்த்தை போட்டுக் கெஞ்சினாள்.

இன்ஸ்பெக்டர் கரண்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஆடுதா, இல்லையா? ஆடினா புழு!"

சுத்தமான தண்ணீர்

அடித்தோம். அடுத்த சோதனையில் கரண்டியில் எதுவும் ஆடவில்லை. இறால் குஞ்சும் நகக்கண் அளவு நண்டுக் குஞ்சும் வெளுத்துப்போய்ச் சேற்றோரம் ஒதுங்கிக் கிடந்தன. பிலோமினாவின் வலையில் பாசியும் அழுகிய இலையும்தான் ஏறின. அவள் வலையை உதறினாள்.

இன்ஸ்பெக்டருக்கோ முகமெல்லாம் பல். செத்துக் கிடந்ததை மிதித்துக்கொண்டே சொன்னார்: "பாத்தியாப்பா, தண்ணி எவ்வளவு சுத்தம்! அள்ளிக் குடிக்கலாம் போலிருக்கு."

குடித்துத் தொலையுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது.

அதிகாரிக்கு விருந்து

சில மாதம் கழித்து, எங்கள் சாதனையைப் பார்க்கப் போர்ட் பிளேரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவருக்கு இறால் வறுவல் என்றால் உயிராம். இன்ஸ்பெக்டர் என்னையும் இழுத்துக்கொண்டு நேரே பிலோமினா வீட்டுக்குப் போனார். வெட்கம் என்பது அந்த மனிதரின் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

அவள் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஓரளவு எழுந்து நடமாடிய புருஷன், போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் மூட்டை தூக்க முன்னாலேயே போய்விட்டான். அன்றைய கப்பலில் இவளும் கிளம்புகிறாள்.

"ரெண்டு கிலோ இறால் கிடைக்குமாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவள் கையில் உட்கார்ந்த கொசுவைப் பட்டென்று அடித்தாள். "றால் இல்ல சாப். கொசுதான் வேணுங்கிற மட்டும் கெடக்கு, புடிச்சுட்டுப் போயி வறுத்துக் குடுங்க."

கொசு ஒழிப்பில் நாங்கள் உண்மையிலேயே ஒழித்துக் கட்டியது ஒரு குடும்பத்தின் சோற்றை. பாராட்டை மட்டும் கொசுவின் பேரில் வாங்கிக்கொண்டோம்.