பன்னிரண்டு துணிகள்

நான் வேலை பார்த்த கப்பலின் இன்ஜின் அறைச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை தொங்கும். அதில் உங்கள் தாய்மாமன் சாக்கட்டியால் "உள்ளே 12" என்று எழுதியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர்களை எழுத உட்கார்ந்தபோது, மகளே, நீ கேட்டாய்: "மாமா பேரு போடணுமாப்பா? அவருதான் நம்ம வீட்டுப் பக்கமே வர்றதில்லையேலா." உன் தம்பி சிரித்தான்: "போட்டா மட்டும் வந்துடுவாரா? தலைக்கனம் பிடிச்ச மனுஷன்." அதற்குப் பதிலைத்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவும் நானும் கோலா பிலா பக்கம் ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அவர் முதலில் கப்பல் வேலைக்குப் போனார். அவருடைய தங்கச்சியை நான் கட்டிய பிறகு, போர்ட்டிக்சன் துறைமுகத்திலிருந்து ஓடிய அந்தச் சின்ன எண்ணெய்க் கப்பலில் எனக்கும் வேலை வாங்கித் தந்தார். அதுவரை நான் எஸ்டேட் இன்ஜின் கொட்டகையில் துடைக்கிற ஆள். கப்பலிலும் அதே வேலைதான், இன்ஜின்தான் வீடு அளவு பெரிது. டீசல் எரியும்போது விழுகிற கரி, மினியாக் ஈத்தாம் என்று நாங்கள் சொல்லும் மசகெண்ணெயில் கலந்துவிடும். அந்த அழுக்கோடு எண்ணெய் ஓடினால் பேரிங் தேய்ந்து போகும். எண்ணெயைச் சுத்தம் செய்ய ஒரு மெஷின் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியும் அடித்தொட்டியில் கசடு தங்கும். எண்ணெயை வடித்துவிட்டு, ஓர் ஆள் இன்ஜினின் வயிற்றுக்குள் புகுந்து அதைத் துடைத்தெடுக்க வேண்டும்.

உள்ளே போகிறவன் சட்டைப்பையைக் காலி செய்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போவான். எத்தனை துணி உள்ளே போகிறதோ அத்தனையும் வெளியே வர வேண்டும். வாசலில் நின்று எண்ணுகிறவர் மாமா. "உன்னைய மறந்து உள்ள வச்சி மூடினாலும் மூடுவேன் மச்சான், துணிய மட்டும் விடமாட்டேன்லா" என்று கேலி செய்வார். பலகையில் எண்ணை எழுதிவிட்டு, அன்றும் அப்படிச் சொல்லித்தான் பன்னிரண்டு துணியோடு என்னை அனுப்பினார்.

எஸ்டேட் கொட்டகையில் எங்களுக்கு வேண்டிய துணி கிடைக்காது. ஸ்டோரில் கொடுப்பதைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்துத்தான் துடைப்போம். அன்று தொட்டியின் ஓர் இடுக்கில் துணி நுழையவில்லை. நான் யோசிக்கவே இல்லை. பல் தானாகக் கடித்தது. ஒரு பாதியை இடுக்கில் விட்டுத் துடைத்தேன், மறுபாதியை எங்கே வைத்தேனோ தெரியாது. வெளியே வந்து நீட்டியபோது, கறுத்துச் சுருண்டு கிடந்தவற்றை மாமா ஒவ்வொன்றாக வாளியில் போட்டு எண்ணினார். பன்னிரண்டு. கணக்குச் சரியாக இருந்தது. பதின்மூன்றாவது உள்ளேயே கிடந்தது.

இரண்டாம் நாள் மலாக்கா நீரிணையில் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சரிந்தது. மணி அலற, இன்ஜின் நின்றது. பேரிங் கருகிய வாடை தொண்டையைப் பிடித்தது. பெரிய கப்பல்கள் போகிற பாதையில், இழுவைப் படகு வரும்வரை அரை நாள் சும்மா மிதந்தோம். எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் சல்லடையிலிருந்து அந்தப் பாதித் துணியை சீஃப் இன்ஜினியர் உருவி எடுத்தார். யார் எண்ணியது என்று மலாயில் கேட்டார். மாமா துணியின் கிழிந்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். எஸ்டேட்டில் பிறந்தவருக்கு அந்தக் கிழிசல் தெரியாதா? "நான்தான்" என்றார். கிழித்தது நான் என்று நான் சொல்லவில்லை. மகளே, அம்மா உன்னைச் சுமந்து ஏழு மாசம். வேலை போய்விடுமே என்ற பயம். அது நியாயமாகாது என்று எனக்கு அன்றே தெரியும்.

அவரைக் கரையில் இறக்கிவிட்டார்கள். அதன்பிறகு எந்தக் கப்பலும் அவரை எடுக்கவில்லை. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றார். கப்பலில் அவர் நின்ற இடத்தில் நான் நின்று துணி எண்ணினேன். யாரோ சொன்னதைக் கேட்டு உங்கள் அம்மா அழுதாள்: "குடிச்சிட்டு எண்ணியிருக்காரு. கூடப் பொறந்தவளோட தாலின்னு ஒரு நினைப்பு வேணாம்?" மாமா குடிக்கிறவரே இல்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன். அதோடு அண்ணனிடம் அவள் பேச்சை நிறுத்தினாள், சாகும்வரை பேசவில்லை. அவளுடைய சாவுக்கு மாமா வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். வீட்டுக் கேட்டுக்கு வெளியே, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டுப் போனார். அதைத்தான் நீங்கள் தலைக்கனம் என்கிறீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைத் தட்டோடு அவருடைய ஃபிளாட்டுக்குப் போனேன். "வா மச்சான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கல்யாணத்தைச் சொன்னேன். சபையில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வந்து மாலை எடுத்துக் கொடுங்கள் என்றேன். காவல் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சிகிட்ட சொன்னியா?"

"இல்ல மச்சான்."

கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு முடித்தார். "அப்ப இனிமே யாருகிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "புள்ள நல்லா இருக்கட்டும்னு சொல்லு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று, தட்டை இரண்டு கையாலும் எடுத்து என்னிடமே கொடுத்தார்.

பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் அவர் பெயரைப் போடுங்கள். அவர் வரமாட்டார். ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களிடம் என் பெயரைச் சொல்லுங்கள்.