அம்மாவுக்கு நடிகர் நடத்திவைத்த கல்யாணம்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இன்றைக்கு ஓசூரில் எனக்கு இரண்டு பட்டறை. லேத்து மட்டுமே பதினாறு ஓடுகிறது. வருசா வருசம் ஏழை ஜோடிகளுக்கு என் செலவில் இலவசக் கல்யாணம் நடத்துகிறேன். சோறு சுடச்சுட இருக்கும். பீரோத் தகட்டைத் தட்டினால் ணங்கென்று கேட்கும். ஏற்கெனவே கல்யாணமானவன் எவனும் என் மேடையில் ஏறிவிட முடியாது. அந்தத் தில்லுமுல்லை ஆறு வயதிலேயே கூட இருந்து பார்த்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். என் தாய்மாமா காவேரிப்பட்டினத்தில் ஒரு பெரிய நடிகரின் ரசிகர் மன்றச் செயலாளர். அந்த நடிகர் தன் பிறந்தநாளுக்கு, வயதுக்கு ஒரு ஜோடி என்று ஏழைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க நேரிலேயே வருவதாக ஏற்பாடு. தங்கத் தாலி, பீரோ, கட்டில் எல்லாம் அவர் செலவு. முதல் நாள் சாயங்காலம், மணப்பெண் ஒருத்தியின் அப்பா ஆனேக்கல்லிலிருந்து வந்து, கன்னடத்தில் மன்றத்தையே திட்டித் தீர்த்து, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு ஜோடி குறைந்தது.

மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, நீயும் மச்சானும் நாளைக்கு ஒரு மணி நேரம் மணையில ஒக்காந்தா போதும். தலைவரு முன்னாடி என் மானம் போயிரும்க்கா.”

“கட்டுன புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப தாலியக் கழட்டச் சொல்றியா? ஒன் வாயி அழுவிப் போவ!” என்றாள் அம்மா.

அவள் கழுத்தில் இருந்தது மஞ்சள் கிழங்கு கோத்த வெறும் கயிறுதான். மாங்காய் மண்டியில் கூடை தூக்கிய அப்பாவால் தங்கம் வாங்க முடிந்ததில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, “தங்கத்துல குடுக்கறாங்களாம்” என்றார். அம்மா அவரை வெகுநேரம் பார்த்தாள்.

விடிந்ததும் கயிற்றைக் கழற்றினாள். எங்கேயும் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. என் அரைஞாணில் சுற்றி முடிந்து, மேலே சட்டையை இழுத்துவிட்டாள்.

“சாமி, இத யாருக்கும் காட்டாத, யாருக்கும் குடுக்காத. இன்னிக்குப் பூரா என்னைய அம்மான்னு கூப்புடக் கூடாது. சின்னம்மான்னு சொல்லு.”

பள்ளிக்கூட மைதானத்தில் பக்கத்து வீட்டு அத்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நடிகர் வந்ததும் பூ பறந்தது. ஒருவன் சூடம் ஏற்றி அவருக்குக் காட்டினான். அவர் எங்கள் அப்பாவின் கையில் தாலியைக் கொடுத்த நேரம், நடிகரைத் தொட்டுவிட வேண்டுமென்று கூட்டம் முண்டியடித்ததில் மூங்கில் தடுப்பு முறிந்தது. கால்களுக்கு அடியில் கிடந்து “அம்மா!” என்று அலறினேன்.

இரண்டு முடிச்சுத்தான் விழுந்திருந்தது. அம்மா மணையை விட்டு எழுந்துவிட்டாள்.

நடிகரே குனிந்து என்னைத் தூக்கினார். “யாரும்மா இது?” என்று மைக்கில் கேட்டார். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா மாமாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“எங்கக்கா பையனுங்க” என்றாள்.

தலைவர் பிள்ளையைத் தூக்கியதற்கு எழுந்த கைதட்டல் அடங்க நேரமானது. தூக்கியதில் என் சட்டை மேலேறி, மஞ்சள் கயிறு வெளியே தொங்கியது. நடிகர் அதைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். என் சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, “ஒக்காரும்மா, இன்னும் ஒரு முடிச்சு இருக்கு” என்றார். அடுத்த ஜோடிக்கு நகர்ந்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பீரோவைத் திருப்பி வாங்கியிருப்பேன் என்று பல வருசம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

சாயங்காலம் பீரோவையும் கட்டிலையும் மண்டி லாரியில் ஏற்றி வீடு திரும்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் அம்மா என் சட்டையைத் தூக்கிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“நீ சின்னம்மா. யாருக்கும் குடுக்காதன்னு எங்கம்மா சொல்லிச்சு. எங்கம்மாகிட்டதான் குடுப்பேன்.”

லாரியே சிரித்தது. “பலே ஆளுடா நீ!” என்று மாமா என் தலையில் தட்டினார். அப்பாகூடச் சிரித்தார். அம்மா மட்டும் பீரோவின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வீடு வந்து சேரும்வரை திரும்பவே இல்லை. பீரோக் கண்ணாடியில் புதுத் தாலியை அழகு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.