சிலிர்க்காத சேவல்

ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, சத்தியவேட்டில் அறை எடுத்தேன். அறையில் ஏற்கெனவே இருந்த அமுதாவோடு ஒரு சேவலும் இருந்தது. எச்சமிட அதற்கு என் தலையணைதான் வேண்டும். துவைத்துப் போட்ட யூனிபார்மையும் விட்டுவைக்காது.

“எங்க நைனாவுக்கு உடம்பு தேறினா கங்கம்மாவுக்குச் சேவல் அறுக்கறேன்னு வேண்டிக்கினேன்க்கா. இப்போ நல்லா நடக்கிறாரு. ஜாத்திரை வரிக்கும் பொறுத்துக்கோக்கா” என்றாள் அமுதா.

நான் பொறுத்துக்கொள்கிற ஆள் இல்லை. அது என் பக்கம் வரும்போதெல்லாம் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தேன். முதலில் அலறி ஓடியது. போகப் போக, நனைந்தபடியே நின்று என்னை முறைக்கப் பழகிவிட்டது.

கங்கம்மா கோயில் ஜாத்திரைத் திருவிழாவுக்கு நகரியில் இருக்கும் அமுதா வீட்டுக்கு நானும் போனேன், தொல்லை ஒழிவதைக் கண்ணால் பார்க்க.

பூசாரி சேவல்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அப்புறம் கத்திதான். அமுதா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சேவல் அசையவில்லை. மறுபடியும் தெளித்தார். அது என்னையே முறைத்தது. “சிலிர்க்காதேடா” என்று என் வாய் தானாக முணுமுணுத்தது.

சொம்பையே கவிழ்த்துப் பார்த்தார் பூசாரி. “ஆத்தாளுக்கு வேணாமாம். தூக்கினு போம்மா.”

திரும்பும்போது பஸ்ஸில் அது என் மடியில்தான் உட்கார்ந்து வந்தது.

அம்மனின் கருணை என்கிறாள் அமுதா. இருக்கட்டும். தலையணையில் ஏறினால் இன்றும் நான் தண்ணீர் அடிக்கத்தான் செய்கிறேன். அடுத்த ஜாத்திரைக்குள் பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாது, பாருங்கள்.