அட்டையில் அண்ணன் ஏன் சிரிக்கிறார்?

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் பலருக்கு முகம் சுருங்கியிருக்கும். நெற்றியில் காசு, கழுத்தில் வாடிய மாலை, தாடையைக் கட்டிய துணி அவிழ்ந்து தோளில் தொங்குகிறது. அந்தக் கோலத்தில் எங்கள் அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கிறார். இதையா அட்டையில் போடுவது என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார். அண்ணியும் நானும் பிடிவாதமாக நின்றோம். காரணத்தைச் சொல்கிறேன், கேட்ட பிறகும் கோபம் மிச்சமிருந்தால் என்னிடம் காட்டுங்கள்.

அண்ணன் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் மரங்களில் பால் வெட்டினார்கள். அப்பா இளம் வயதிலேயே போய்விட்டார். தோட்டமும் துண்டு துண்டாக விற்கப்பட, ஈப்போவுக்கு வந்து ஒரு வாடகை வீட்டில் ஒண்டினோம். அண்ணன் படிப்பை விட்டுத் துணிக்கடையில் சேர்ந்தார். அம்மாவுக்கு இருந்த ஒரே தைரியம் அவர்தான்.

எழுபதுகளின் நடுவில், தொலைக்காட்சி நாடகம் எடுக்கக் கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள் அந்தக் கடைக்குள் நுழைந்தார்கள். இஸ்திரிப் பெட்டி சுட்ட சேலை ஒன்றை விரித்து, அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார்கள். எடுத்துக் கொடுத்ததோடு அண்ணன் சும்மா இருந்தாரா? "எதுக்குங்க அதே சேல? இதவிட நல்லது நெறைய இருக்குலா" என்று கேட்டார். நாயகி அந்தச் சேலையோடு வாசலைத் தாண்டுவதை நேற்று எடுத்தாயிற்று, வீட்டுக்குள் நுழைவதை இன்றுதான் எடுக்கிறோம் என்றார் இயக்குநர். அதென்ன கூத்து என்று பார்க்க, மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனவர், எண்பதுகள் முடியும் வரை கடைக்குத் திரும்பவில்லை.

அது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 'கன்டினியூட்டி' என்பார் அண்ணன். நாடகத்தை முன்னும் பின்னுமாகத்தான் எடுப்பார்கள். கோப்பையில் எவ்வளவு தேநீர் இருந்தது, பொட்டு எந்த உயரத்தில் இருந்தது, வாளி எந்தக் கையில் இருந்தது என்று ஒருவர் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். "ரெண்டு காட்சியும் சேரணும், அவ்வளவுதான்" என்பார். பார்த்துக்கொண்டிருப்பதற்கா சம்பளம் என்று பின்னாளில் அண்ணியின் அப்பாவே திகைத்தாராம். பெண் வீட்டுக்கு இரண்டாம் முறை போனபோது, "போன தடவ தோடு வேறயா இருந்துச்சே" என்று அண்ணன் சொல்ல, தன்மேல் கொள்ளை ஆசை என்று அண்ணி நம்பிவிட்டார். "கல்யாணத்துக்கு அப்புறம் பாத்தா, வீட்டுத் திரைச்சீலையையும் அப்படித்தான் பாக்கறாரு" என்று அண்ணி சொல்லாத நாளில்லை.

படப்பிடிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் அதே கோலத்தில் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். யாருக்கும் காட்ட அல்ல. செத்தது பொய் என்று ஆக்கத்தான். அவசரத்தில் இயக்குநர் மறந்தாலும் அண்ணன் மறக்க மாட்டார். "சிரிப்பு பாக்கி இருக்குண்ணே" என்று போய் நிற்பார். இதையெல்லாம் அம்மாவிடம் வந்து கதை கதையாகச் சொல்வார்.

அண்ணனுக்குத் திருமணமாகாத சமயம், சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் சாவு வீட்டுக் காட்சி எடுத்தார்கள். முதல் நாள் பிணமாக நடித்த பெரியவர் மறுநாள் வர மறுத்துவிட்டார்; அன்று காலைதான் அவருக்குப் பேரன் பிறந்திருந்தான். பாடையைத் தூக்கிப் போகும் காட்சி மட்டுமே மிச்சம். அதே ஒல்லி உடம்பு என்பதால் அண்ணன் படுத்துக்கொண்டார். தூரத்தில் முகம் தெரியாது, காசெல்லாம் எதற்கு என்றார் இயக்குநர். "எனக்குத் தெரியும்லாண்ணே" என்று, பெரியவருக்கு இருந்த இடத்திலேயே, நெற்றியில் சற்று இடப்பக்கமாகச் சந்தனம் வைத்துக் காசை ஒட்டிக்கொண்டார். தாடையையும் கட்டிக்கொண்டார். காட்சி முடிந்ததும் மழை கொட்டியது. பிலிமும் தீர்ந்திருந்தது. எல்லாரும் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னிக்கு நாந்தாம்மா பொணம்" என்றார் அண்ணன்.

அம்மா பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். "எந்திரிச்சுச் சிரிச்சியா?"

"மழ வந்துருச்சும்மா. இந்தா, இப்பச் சிரிக்கிறேன் பாரு."

"கேமரா முன்னால படுத்த, கேமரா முன்னாலதான் எந்திரிக்கணும். ஒங்கப்பன் படுத்தவரு எந்திரிக்கவே இல்லய்யா. நீ சிரிச்சிட்டு வா, அப்புறம் சாப்புடறேன்."

அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவினார். கிண்டல் செய்ய வாயெடுத்த நானே, காலையில் போட்டோக் கடைக்குப் போகலாம் என்றேன்.

மறுநாள் காலை மூவரும் ஈப்போ டவுனில் ஒரு சீனர் போட்டோக் கடைக்குப் போனோம். வழியில் அம்மா புது மாலை வாங்கப் போனார். அண்ணன் பையைக் காட்டி, "நேத்து மாலதாம்மா போடணும். புது மால போட்டா இது வேற பொணம்" என்றார். கடைக்குள் நேற்றைய வேட்டி, காசு, தாடைக்கட்டு எல்லாவற்றோடும் பெஞ்சில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினார். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பாஸ்போர்ட் படம் எடுத்தே பழகிய கடைக்காரர் வெலவெலத்துப்போய், "சுடா மாத்தி?" என்றார், செத்தாச்சா என்று.

"பெலும்! பெலும்!" என்று அம்மா கத்தினார். இன்னும் இல்லை, இன்னும் இல்லை.

அண்ணனால் அடக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, தாடைக்கட்டை இழுத்துவிட்டுச் சிரித்தார். அதுதான் இந்தச் சிரிப்பு. பிறகு பக்கத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் சாப்பாட்டுக் கடையில் அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டார். அம்மா மறையும்வரை அந்தப் படம் சாமி மாடத்தில்தான் இருந்தது.

கடைசி நாள்களில் மருத்துவமனையில் பேச்சுக் குறைந்தபோதும், "நேத்து இந்த நாற்காலி அந்தப் பக்கம் இருந்துச்சே" என்று தாதியிடம் கேட்டார் அண்ணன். முகம் சுளிக்காமல் நாற்காலியை நகர்த்திப் போட்ட அந்தத் தாதிக்கும், கூடாரம் போட்டுச் சமைத்துப் போட்ட எங்கள் தாமான் குடியிருப்பு மக்களுக்கும், கோலாலம்பூரிலிருந்து வந்து தோள் கொடுத்த படப்பிடிப்பு நண்பர்களுக்கும், கோபித்துக்கொண்டே அச்சகத்துக்கு அலைந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

சென்ற ஆண்டு அண்ணனைக் கூடத்தில் கிடத்தியபோது, யாரோ காசை நடு நெற்றியில் வைத்தார்கள். அண்ணி எழுந்து வந்து, அதை மெல்ல இடப்பக்கமாக நகர்த்தினார். "இப்பச் சேரும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுதார். எழுந்து சிரிக்கும் அடுத்த காட்சியை அம்மா எப்போதோ எடுக்க வைத்துவிட்டார். அட்டையைத் திருப்பி இன்னொரு முறை பாருங்கள்.