ஹில்மன் காருக்குக் கீழே ஒரு தட்டு

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில் குருநகர் பெர்னடெட்டுக்குக் கொழும்பிலிருந்து நான்காவது பொதி வந்தது. உள்ளே வழக்கம்போலப் பழைய கார்ப் படங்கள். ஒரு மோட்டார்க் கழகம் வடபகுதிக் கார்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறது. பத்திரிகையில் விளம்பரம் செய்து படங்களைச் சேர்த்துவிட்டார்கள். சேர்த்த பிறகுதான், எது என்ன கார், பின்னால் தெரிவது எந்தக் கடை என்று சொல்ல ஆளில்லாமல் முழித்தார்கள். யாரோ ஒருவர், யாழ்ப்பாணத்து ஏரம்பு மோட்டோர்ஸில் கடிதம் ரைப் அடித்த பெட்டை ஒருத்திக்கு எல்லாம் மனப்பாடம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டைக்கு இப்போது நாற்பத்துநான்கு வயது.

ஐம்பத்தாறில் அவள் ஸ்ரான்லி வீதியிலிருந்த அந்தக் கடையில் சேர்ந்தபோது இருபத்தொன்று. கடற்றொழிலாளி நீக்கிலாப்பிள்ளையின் மூத்த மகள். அதுவரை ஒரு காரின் கதவைத் திறந்து பார்த்தவள் இல்லை. ஏழு வருடம் எஞ்சின் இலக்கம், நிறம், வாங்கினவரின் ஊர் என்று ரைப் அடித்து அடித்து, விற்ற காரெல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. பிறகு வெளிநாட்டுக் கார் வரத்துக் குறைந்தது. கடைசிக் கார் போனது, முதலாளி ஏரம்பு கதவைச் சாத்தினார். அந்த இடத்தில் இப்போது புடைவைக் கடை. பெர்னடெட் ஒரு சட்டத்தரணியிடம் காணி உறுதிகள் ரைப் அடிக்கப் போனாள். கல்யாணம் செய்யவில்லை.

படம் பார்ப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. காரைக் கடைசியாகத்தான் பார்ப்பாள். முதலில் தரை, பிறகு சுவர். கறுப்பு வெள்ளைச் சதுரக் கல் என்றால் ஒரு கடை, சிவப்புச் சீமெந்து என்றால் வேறு கடை. எல்லாம் தெளிந்த பிறகு படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவாள். படம் அனுப்பினவர்கள் அங்கே ஏற்கனவே ஏதாவது எழுதியிருந்தால், அது எத்தனை பெரிய பிழையானாலும் கை வைக்கமாட்டாள். அதன் கீழேதான் தன் குறிப்பு. கழகமும் அப்படித்தான் கேட்டிருந்தது. இரண்டையும் சேர்த்தே புத்தகத்தில் அச்சிடுவார்களாம்.

நான்காவது பொதியில் பதினோராவது படத்தை எடுத்தவள் தரையைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. காருக்குள் இருந்தது அவளேதான்.

வாய் விட்டுச் சிரித்துக்கொண்டு முன் இருக்கையில் இருக்கிறாள். கதவில் கை வைத்தபடி கோப்பாய்க் கனகலிங்கம், கடையின் விற்பனையாளர், அவரும் சிரிக்கிறார். பின்னால் கடல், பனைகள், பாய் விரித்த ஒரு வள்ளம். கீழே காரின் நிழலோடு படம் முடிகிறது. பெர்னடெட் படத்தைத் திருப்பினாள். நீல மையில் எழுதியிருந்தது:

"1958. கீரிமலைக் கடற்கரை. மொறிஸ் கார். நீக்கிலாப்பிள்ளையின்ரை மகள் பெர்னடெட் கார்க்காரனோடை. தம்பிக்குப் பேசினது இவளைத்தான்."

அனுப்பியவர் பெயர் யோசப்பின், குருநகர்.

யோசப்பினின் தம்பி செபநாயகத்தை ஐம்பத்தெட்டுச் சித்திரையில் அவளுக்குப் பேசியிருந்தார்கள். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க இரண்டு கிழமை இருந்தபோது, பெடியனுக்கு இப்போது வேண்டாமாம் என்று ஆள் வந்து சொன்னது. காரணம் சொல்லவில்லை. சீதனம் காணாது போலும் என்றாள் தாய். தகப்பன் வேறு ஏதோ பழைய வலைச் சண்டையை நினைத்தார். பெர்னடெட் தன் முன்பல்லைச் சந்தேகித்தாள். அது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடும். செபநாயகம் பிறகு மன்னாரில் கல்யாணம் கட்டி அங்கேயே தங்கிவிட்டார். யோசப்பினும் அவளும் யாகப்பர் கோயிலில் மூன்று வாங்கு வரிசை தள்ளி ஞாயிறு தவறாமல் இருந்தார்கள். தலையசைப்பார்கள், கதைக்கமாட்டார்கள்.

பொதி சனிக்கிழமை தபாலில் போகவேண்டும். போனால் அந்த நீல மை புத்தகமாகும். அழித்துவிடலாம், படத்தையே கிழித்துவிடலாம், கேட்க ஒருவரும் இல்லை. ஆனால் நூறு படங்களில் மற்றவர் எழுத்தைத் தொடாதவள், தன் படத்தில் மட்டும் தொடுவதா? எழுதினவளே திருத்தட்டும் என்று படத்தை ஒரு கடித உறைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டாள்.

யோசப்பின் முற்றத்தில் குந்தியிருந்து ஒட்டி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தொட்ட உடம்பு, எழும்பவில்லை.

"என்ன பிள்ளை, வழி தவறி வந்திட்டியோ?"

"இல்லை அக்கா. கொழும்புக்கு நீங்கள் அனுப்பின படம் என்னட்டைத்தான் வந்திருக்கு."

யோசப்பின் படத்தைப் பார்த்தாள். கத்தி நின்றது. "கர்த்தரே. பெட்டிக்குள்ளை கிடந்த கார்ப் படமெல்லாத்தையும் அள்ளிக் குடுத்தனான். புத்தகம் ஒண்டு சும்மா தருவினமெண்டு சொன்னவை."

"பின்னாலை எழுதினது?"

"நான்தான். ஸ்ரூடியோக்காரன் கடைக் கண்ணாடிக்குள்ளை வைச்சிருந்தவன். கெஞ்சி ஒரு பிரதி வாங்கி அம்மாவுக்குக் காட்டினனான். ஊரறியக் கல்யாணம் பேசி வைச்சிருக்க, ஒருத்தனோடை கீரிமலைக்குப் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டால் பேந்தென்ன செய்யிறது? அப்பவும் வெளியிலை சொல்லேல்லை. அந்த மட்டிலை உனக்கு நல்லதுதான் செய்தனான்."

"காருக்குக் கீழை பாருங்கோ அக்கா. என்ன தெரியுது?"

யோசப்பின் கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் படத்தை எட்டப் பிடித்தாள். "ஏதோ தட்டு."

"எனாமல் தட்டு. இங்கிலாந்துக் கார் நிண்ட இடத்திலை ஒரு சொட்டு எண்ணெயெண்டாலும் விடும். தரைக்கல்லுப் பழுதாப் போமெண்டு நான்தான் காலமை காலமை அதை வைக்கிறனான். கீரிமலைக்குப் போறவை சோத்துத் தட்டைக் காருக்குக் கீழை வைப்பினமோ?"

யோசப்பின் படத்தைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அது கடைக்குள்ளை எடுத்த படம். விளம்பரத்துக்கு. காருக்குப் பற்றறிகூட இல்லை, ஆரும் ஓட்டிக்கொண்டு போடுவாங்களெண்டு முதலாளி கழட்டி வைக்கிறவர். பின்னாலை இருக்கிறது சுவரிலை சாயத்தாலை கீறின கடல்."

"கீறினதோ? தண்ணி அப்பிடியே தெரியுதே."

"வள்ளத்தைப் பாருங்கோ. நீங்களும் கடல்காரரின்ரை மகள்தானே."

யோசப்பின் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு விரலை வைத்தாள். "பாய் இஞ்சாலை வீங்கியிருக்கு. கொடி அங்காலை பறக்குது."

"ஓம். ஒரே காத்து ரெண்டு பக்கம் வீசுமோ? கீறின ஆளிட்டை அப்பவே சொன்னனான், அண்ணை, உந்த வள்ளம் கரைக்கு வராதெண்டு. கார்தானே விக்கிறம் பிள்ளை, வள்ளமில்லையே எண்டார். அதுக்குத்தான் நாங்கள் ரெண்டு பேரும் சிரிச்சது. அந்த நேரம் பாத்து ஸ்ரூடியோக்காரன் எடுத்திட்டான்."

ஒட்டி மீன் வாசத்துக்கு ஒரு பூனை வந்து நின்றது. யோசப்பின் அதை விரட்டவில்லை.

"இருபத்தொரு வருசம் பெட்டிக்குள்ளை வைச்சிருந்தனான்," என்றாள். "எடுத்தெடுத்துப் பாத்தனான். உன்ரை வாயைத்தான் பாத்தன் பிள்ளை. கடலைப் பாக்கேல்லை."

பெர்னடெட் பென்சிலை நீட்டினாள். "நீங்கள் எழுதினதை நான் வெட்டமாட்டன். நீங்கள்தான் திருத்தவேணும். நாளைக்குத் தபால்."

யோசப்பின் பென்சிலை வாங்கவில்லை. உள்ளே போய் மைப் பேனையைத் தேடி எடுத்து வந்தாள். படத்தை முழங்காலில் வைத்து, தன் பழைய எழுத்தின் மேல் கோடு போட்டாள். ஒரு கோடு போதவில்லை, இரண்டாவது போட்டாள். மேலே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் "நான் எழுதினது பிழை. கீரிமலை இல்லை, கடை. யோசப்பின்" என்று எழுதினாள். பெர்னடெட் மை காயும் வரைக்கும் காத்திருந்து, கீழே பென்சிலால் வழக்கம்போல எழுதினாள்: ஏரம்பு மோட்டோர்ஸ், ஸ்ரான்லி வீதி, 1958. சுவரில் கீறிய கடல். நிற்பவர் கனகலிங்கம், விற்பனையாளர். இருப்பவர் பெர்னடெட், ரைப்பிஸ்ட்.

படலை வரை யோசப்பின் கூட வந்தாள். "தம்பிக்கும் ஒரு கடிதம் போடட்டோ, மன்னாருக்கு? அவனும் உந்தக் கதையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்."

பெர்னடெட் படலையைத் திறந்தாள்.

"போடுங்கோ. ஆனா காரின்ரை பேரைச் சரியா எழுதுங்கோ அக்கா. அது மொறிஸ் இல்லை, ஹில்மன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு கையில் உறை, மற்றக் கையில் படலையின் தடி. வாயை மூடக் கை இருக்கவில்லை.